தெளிவும் மண்டியும்

பிரசல்ஸ் நகரத்தின் ஒரு நிலவறையில் பத்தொன்பது வருடமாகப் போத்தல் அடுக்குவது என் தொழில். உள்ளே இருப்பது புளிப்பு பியர். மரப்பீப்பாயில் இரண்டு மூன்று வருடம் கிடந்து, பிறகு போத்தலுக்குள் போய், அங்கேயும் மெல்லப் புளித்துக்கொண்டே இருக்கும் சாமான் அது. அதனால் ஒவ்வொரு போத்தலின் அடியிலும் மண்டி படியும். வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குலுக்காதீர்கள், சரித்து ஊற்றுங்கள், கடைசி இரண்டு மடக்கைப் போத்தலிலேயே விட்டுவிடுங்கள். இதை மூன்று மொழிகளில் சொல்வேன். யாராவது என் கண்ணெதிரே குலுக்கினால் மூன்று மொழிகளிலும் கோபம் வரும். அந்த மண்டி எப்படி ருசிக்கும் என்று மட்டும் ஒருநாளும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

கொல்லிமலைக்கு நான் போனதும் மண்டியால்தான்.

அக்கா நாமக்கல்லில் இருக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் ஆளுக்கொரு திசையில் சிதறியபோது அவள் இந்தப் பக்கம் வந்தாள், நான் அந்தப் பக்கம் போனேன். இந்த முறை அவளைப் பார்க்க வந்து மூன்று நாள் ஆகியிருக்கும், அத்தான் ஒரு செய்தி கொண்டுவந்தார். அவர் ஒரு காலத்தில் மிளகு லாரி ஓட்டியவர். காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு வாங்கி விற்கும் ரகீம் பாய் அவருடைய பழைய சினேகிதர். பாயின் கடைக்கு மலையிலிருந்து ஏதோ புளிப்புப் பானம் போத்தலில் வருகிறதாம். அடியில் என்னவோ படிகிறதாம். "இதே வேலையை வெளிநாட்டுல பாக்கற ஆளு உங்க ஊட்லயே இருக்காரே, ஒரு நடை அனுப்புங்க" என்று பாய் கேட்டாராம். என் தொழிலை ஒருவர் மதித்துக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. மறுநாள் வியாழக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். "போத்தல் மண்டி பாக்க வந்தனான்" என்றேன்.

"போத்தலா? ஓ, பாட்டிலுங்களா! பாட்டில் மண்டிதானுங்களே? ஏறுங்க."

விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. ஆட்டோ கடைவீதியைத் தாண்டி, ஒரு தகரக் கொட்டகையின் முன்னால் நின்றது. உள்ளே கூரை உயரத்துக்குப் பழைய பாட்டில் குவியல். பனியன் போட்ட ஒருவர் சாக்குக்குள் பாட்டில்களை எறிந்துகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றியது.

"எத்தனை வேணுங்க?" என்றார்.

"எனக்கு வேண்டாம். மண்டி பாக்க வந்தனான்."

"இதானுங்க மண்டி."

"அடியில இருக்கிற மண்டி."

அவர் குவியலின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "அடியில இருக்கறதெல்லாம் ஒடஞ்சதுங்க, ஆகாது" என்றார்.

எங்கள் ஊரில் மண்டி என்றால் அடியில் தங்குவது. அதைத் தவிர வேறு அர்த்தம் எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கே மண்டி என்றால் முதலில் மொத்த வியாபாரக் கடை. வாழைக்காய் மண்டி, வெங்காய மண்டி, பாட்டில் மண்டி. கடைசியில் ரகீம் பாயின் பெயரைச் சொன்னேன். பனியன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பாய் மண்டிங்களா? அத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? அது மொளகு மண்டிங்க." மறுபடியும் மண்டிதான். அதே ஆட்டோவில் வந்த வழியே திரும்பினேன். பாயின் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது.

ரகீம் பாய்க்கு அறுபது தாண்டியிருக்கும். பின்கட்டு முழுக்க மிளகு மூட்டை. முன்னால் மளிகையும் குளிர்பானமும். நான் தும்மித் தும்மி உட்கார்ந்தேன். அலமாரியில் முப்பது போத்தல்கள் வரிசையாக நின்றன. கழுத்து வரை கலங்கிய தண்ணீர். அடியில் கேழ்வரகு நிறத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மண்டி. ஒவ்வொன்றிலும் வந்த தேதியைப் பாய் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார். எங்கள் நிலவறையில்கூட இவ்வளவு ஒழுங்கில்லை.

மண்டிக்குப் பயப்பட ஒன்றுமில்லை, குலுக்காமல் சரித்து ஊற்றினால் போதும் என்று என் மூன்று மொழிப் பிரசங்கத்தை நான்காவது மொழியில் தொடங்கினேன். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வண்டல் கெடக்குது தம்பி. அது என்னன்னு ஜனங்க ரெண்டு நாள் கேப்பாங்க, அப்பறம் பழகிக்குவாங்க. என்ற கேள்வி வேற." நான்கு நாள் ஆன ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திறந்தார். டப்பென்று வெடித்தது. "இந்தச் சத்தம் எதுக்குங்க வருது? போன வாரம் ஒருத்தரு ரெண்டு பாட்டில் குடிச்சுட்டு, பாய், கிறுகிறுங்குது, இன்னொண்ணு குடுங்கன்னாரு. அன்னையிலருந்து எனக்கு நிம்மதியில்ல. இதுல போதை இருக்குதுங்களா, இல்லீங்களா? இருந்தா என்ற கடையில ஆகாது. எங்க மார்க்கத்துல கூடாது, சட்டத்துலயும் கூடாது. இல்லீன்னா கடைசி வரைக்கும் விக்கறேன்."

"வேண்டாமென்று நிப்பாட்டினால் முடிஞ்சுதே" என்றேன்.

"அதெப்படீங்க? மேல சின்னப்பொண்ணுன்னு ஒரு பொண்ணு, அதுதான் இத ஊத்தி அனுப்புது. அது பேச்ச நம்பி ஆறு ஊட்டுக்காரங்க இந்த வருசம் மரவள்ளி போடாம ராயி, அதான் கேழ்வரகு, போட்ருக்காங்க. நான் வேண்டாம்னா ஆறு ஊட்டு வெள்ளாமையும் நிக்கும். ஞாயித்துக்கிழமை அடுத்த லோடு வருது. அதுக்குள்ள நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நெசத்தச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

மத்தியானம் பாய் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சோறும் கத்தரிக்காய் போட்ட தால்ச்சாவும். யாழ்ப்பாண நாக்குக்கு உறைப்பு போதாது. ஆனால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு திறந்த போத்தலில் கொஞ்சத்தைத் துணியில் வடிகட்டி, நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் கண்ணாடி மிதவையை அதில் விட்டேன். இனிப்பு அதிகமாக இருந்தால் மிதவை உயர்ந்து நிற்கும். அந்த இனிப்பு போதையாக மாறியிருந்தால் அமிழும். நன்றாக அமிழ்ந்தது. ஆனால் தொடக்கத்தில் எங்கே நின்றது என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. புதிதாகக் காய்ச்சியதைப் பார்க்க வேண்டும். கோட்டின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மலை பஸ். எங்கள் நிலவறையில் போத்தலை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாற்ற வேண்டுமென்றால் சக்கரவண்டிக்கு ரப்பர் போட்டு, வாசற்படியில் பலகை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவேன். இங்கே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறது. ஏழாவதிலேயே என் பக்கத்து இருக்கைப் பெண் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டு எனக்கும் நீட்டினார். "வெளிய பாக்காதீங்கண்ணா, முன்னால போற தலையப் பாருங்க" என்று யோசனையும் சொன்னார். முன்னால் இருந்தவருக்கு வழுக்கை. பதினெட்டாவது வளைவு வரை அந்த வழுக்கையைப் பார்த்தேன்.

நாற்பத்திரண்டாவது வளைவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. அரைமணி நேரம். எல்லாரும் இறங்கினோம். ஒருவர் பலாச்சுளை எடுத்து முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்தார். லாரிக்காரருக்கு யோசனை சொல்லாத ஆளே இல்லை. "ஒடிங்க, ஒடிங்க, இன்னும் ஒரு சாணு" என்று எழுபது பேர் கத்தினால் யார் பேச்சைக் கேட்பது? அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை, அதனால் லாரி திரும்பியது.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வழியாகக் கீழே இறங்குகிற போத்தலில் மண்டி எப்படித் தெளிந்து நிற்கும்? எழுபது முறை கலங்கும். பிறகு பாயின் அலமாரியில், அந்த வெயிலில், நாலு நாள் நின்று படியும். குலுக்காதீர்கள் என்று நான் யாரிடம் சொல்வது? ரோட்டிடமா?

பெரக்கரை நாடு என்கிற மலை ஊரில் இறங்கி, கேட்டுக் கேட்டுப் போனேன். மேலே காற்று வேறு மாதிரி இருந்தது. சட்டையின் மேல் ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. சின்னப்பொண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டே இன்னொரு வேலையைப் பேசுகிற ரகம். கணவர் வெள்ளையன் அதிகம் பேசாதவர்.

"வாங்கண்ணா, பாய் போன்ல சொன்னாருங்க. சிலோன்காரரு, வெளிநாட்டுல பாட்டில் டாக்டருன்னு."

பாட்டில் டாக்டர் என்ற பட்டம் எனக்குப் பிடித்தது. உட்காரச் சொல்லி, பெரிய டம்ளரில் புளிச்சதண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, காய்ச்சி, மறுபடி தண்ணீர் விட்டு இரண்டு நாள் பானையில் வைத்தது. போத்தலில் போகிறதும் இதே தண்ணிதான்.

நான் என்ன செய்தேன்? பத்தொன்பது வருடப் பழக்கம். டம்ளரைக் கீழே வைத்து, பஸ் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, மண்டி அடியில் இறங்கும் வரை காத்திருந்தேன். பிறகு மெல்லச் சரித்து, மேலே நின்ற தெளிவை மட்டும் உறிஞ்சிவிட்டு, மண்டியோடு டம்ளரைப் பக்குவமாகத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல புளிப்பு, மெல்லிய இனிப்பு. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

இரண்டு பேரும் டம்ளருக்குள் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ஏனுங்ணா, ஒடம்புக்கு ஆகலீங்களா? காய்ச்சலா?" என்றார் சின்னப்பொண்ணு.

"இல்லையே, நல்ல சுகம்."

"அப்பறம் ஏன் தெளிவ மட்டும் குடிச்சீங்க? தெளிவு காய்ச்சக்காரங்களுக்குத்தானுங்க. சொகமா இருக்கறவங்களுக்குக் கலக்கித்தான் குடுப்போம். மண்டிதானுங்களே வகுத்துல நிக்கும்."

வெள்ளையன் முதன்முறையாக வாய் திறந்தார். "இன்னொண்ணு இருக்குது. ஊட்டுக்கு வந்தவன் சீக்கரம் கெளம்பட்டும்னு நெனச்சாலும் தெளிவத்தான் ஊத்துவாங்க."

மூவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தேன்.

அந்த வெட்கத்தை மறைக்க, பையிலிருந்த எங்கள் பியர் போத்தலை எடுத்து வெள்ளையனிடம் கொடுத்தேன். அத்தானுக்காகக் கொண்டுவந்தது. டாக்டர் அவரைக் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் பையிலேயே கிடந்தது. நான்கு வருடம் படுக்கையிலேயே இருந்த போத்தல் அது. வெள்ளையன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் மண்டியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. விருந்தாளி கொண்டுவந்ததைக் கலக்காமல் குடிப்பது மரியாதையா? நான் "ஐயோ, குலு..." என்று எழுந்திருப்பதற்குள், இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிவிட்டார். கம்பியை நெம்பிய மறுகணம் தக்கை ஓட்டில் பட்டுத் திரும்பியது. அதன் பின்னாலேயே நுரை. ஓடு, சுவரில் மாட்டியிருந்த காலண்டர், என் சட்டை, எதுவும் மிச்சமில்லை. கோழிகள் தெருவுக்கு ஓடின.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஆனால் மூன்று மொழியில் எதில் திட்டினாலும் அவருக்குப் புரியாது. புரிகிற நான்காவது மொழியில் திட்ட மனம் வரவில்லை. வெள்ளையன் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மண்டிதான் மிச்சம். அதை இரண்டு டம்ளரில் பங்கிட்டு, பெரிய பங்கை என்னிடம் நீட்டினார். மறுக்க வழியில்லை. ரொட்டி மாவின் வாசம், லேசான கசப்பு, அடித்தொண்டையில் ஒரு புளிப்பு. நிலவறையில் நிற்கும்போது எனக்கு வரும் மணம் அப்படியே வாய்க்குள் இருந்தது. இத்தனை வருடமும் இதையா கழுவி ஊற்றினேன் என்று எனக்கே வருத்தமாகிவிட்டது.

"இதானுங்க நல்லாருக்குது" என்றார் வெள்ளையன். "மேல இருந்தது போனாப் போவுது."

சனிக்கிழமை காலையில் வேலையைப் பார்த்தேன். அடுப்படிக்குப் பின்னால் ஆறு பெரிய பானைகள். போத்தல்கள் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்திருந்தன. சுத்தத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ராயி போட்ட ஆறு வீட்டுப் பெண்களில் இரண்டு பேர் வந்து வடிகட்டித் தந்துவிட்டுப் போனார்கள். காலைச் சாப்பாடு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். முற்றத்தில் ஒரு வேட்டியை விரித்து எதையோ காயப்போட்டிருந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். முளைகட்டிய கேழ்வரகு. வெள்ளையாக வால் விட்டிருந்தது.

"இது எதுக்கு?"

"அதுவா? அரைச்சுக் கடைசில ஒரு கை போடுவேணுங்க. பாய்தான் கேட்டாரு. ரொம்பப் புளிக்குது, கொழந்தைக குடிக்கோணும், ஒரு இனிப்பு வேணும், ஆனா சர்க்கரை போட்ராதேன்னாரு. மொளகட்டுன ராயி போட்டா தன்னால இனிச்சுக்குங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் இடத்திலும் முதல் வேலை அதுதான். அங்கே பார்லி, இங்கே ராயி. முளைவிட்ட தானியம் கஞ்சியை இனிப்பாக்கும்; அந்த இனிப்பைத் தின்றுதான் போதை பிறக்கும். பாய் தன் வாயாலேயே கேட்டு வாங்கியிருக்கிறார்.

புதுப் பானையிலிருந்து வடிகட்டி மிதவையை விட்டேன். உயர்ந்து நின்றது. பாய் கடையில் குறித்த எண்ணுக்கும் இதற்கும் நிறைய தூரம். ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்தேன். சின்னப்பொண்ணு என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்ணா சொல்லுது?"

"இங்கே, இண்டைக்குக் குடிச்சால் ஒண்டுமில்லை. கீழே அந்தச் சூட்டில, மூடிய போத்தலுக்குள்ள நாலு நாள் நிண்டால் போதை ஏறுது. கொஞ்சம்தான். ஆனால் இருக்கு."

"மேல யாருக்கும் கிறுகிறுங்கலீங்களே?"

"மேலே யார் நாலு நாள் வைச்சிருந்து குடிக்கினம்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணா, நாளைக்கு ஒருக்கா மட்டும் இல்லீன்னு சொல்லிருங்களேன். நான் மொளகட்டுனத இன்னையோட நிறுத்திக்கறேன். அடுத்த லோடு சுத்தமா வரும். பாய்க்கும் தெரியவேண்டாம், இந்த ஆறு ஊட்டுக்காரங்க மூஞ்சியிலயும் நான் முழிச்சுக்குவேன்."

நியாயமான கேள்விதான். நானும் ஒரு நிமிடம் தடுமாறினேன். முளைகட்டியதை நிறுத்தினால் பெருமளவு குறையும். ஆனால் அந்த வெயிலில், மூடிய போத்தலுக்குள் என்ன நடக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பத்தொன்பது வருட அனுபவத்தில் நான் படித்ததே அதுதான். மேலும் பாய் கேட்டது வியாபாரக் கேள்வி அல்ல. அந்த மனிதரின் நம்பிக்கைக்குள் நான் ஒரு பொய்யை ஊற்ற முடியாது.

"ஏலாது தங்கச்சி" என்றேன். "பாய் நம்பிக் கேட்டவர்."

"சரிங்க" என்று உள்ளே போய்விட்டார். கோபமாகப் போயிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் வேறு வழியில்லாமல் அருவிப் பக்கம் போய், நூறு படி இறங்கி, முழங்கால் வலித்து, பாதியிலேயே ஏறி வந்தேன். இருட்டிய பிறகு திரும்பியபோது சின்னப்பொண்ணு டம்ளரை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போலத் தெளிவு. அடிவரை தெரிந்தது. ஒரு பொட்டு மண்டி இல்லை. வெள்ளையன் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார். அவருடையது கலங்கியிருந்தது.

குடித்தேன். நிஜமாகவே அதில் ருசியில்லை. மனசு மிகவும் வலித்தது.

ஞாயிறு காலை பஸ்ஸில் சின்னப்பொண்ணும் வந்தார். ஆனால் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டார். லோடு என்று நான் எதிர்பார்த்த போத்தல் சாக்குகள் இல்லை. காலடியில் ஒரு துணிமூட்டை மட்டும். எழுபதிலிருந்து ஒன்று வரை எண்கள் இறங்கின. கீழே போனதும் பாயிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் தயாரித்தேன். அடுத்த வளைவில் அது கொட்டிப்போனது.

பாய் எங்களைக் கண்டதும் எழுந்தார். "வாம்மா, வாங்க தம்பி. பாத்தீங்களா?" நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் சின்னப்பொண்ணு முந்திக்கொண்டார்.

"அண்ணன் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிர்றேன் பாய். போதை இருக்குதுங்க."

கடையில் அரிசி வாங்க நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எதுனாலம்மா?"

"நீங்க கேட்ட இனிப்புனாலதானுங்க. மொளகட்டுன ராயி. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அண்ணன் கண்டுபுடிச்சாரு. இல்லீன்னு சொல்லச் சொல்லி நான் கேட்டேன். மாட்டேன்னுட்டாரு."

பாய் தொப்பியைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப நானும் கூடச் சேந்துதான் பண்ணியிருக்கறேன்" என்றார். வேறு யாரையும் கூப்பிடாமல் அலமாரியிலிருந்த போத்தல்களைத் தானே கொண்டுபோய்ப் பின்பக்கம் ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினார். டப், டப் என்று கேட்டுக்கொண்டேயிருந்தது. சின்னப்பொண்ணு அந்தச் சத்தம் முடியும் வரை அசையவில்லை. ஆறு வீட்டு வெள்ளாமையும் சாக்கடையில் போகிற மாதிரி இருந்தது எனக்கு.

பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்ததும் சின்னப்பொண்ணு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே வெயிலில் காய்ந்த பழுப்பு வில்லைகள். வடகம் மாதிரி, ஆனால் தடிமன்.

"இது பானையில கடைசியா நிக்கற மண்டிங்க, பாய். எங்க மலையில காயவெச்சு எடுத்து வெச்சுக்குவோம். காட்டுக்குப் போனா துணியில முடிஞ்சுக்கிட்டுப் போயி, தண்ணில கரைச்சுக் குடிப்போம். வெளிய விக்கற சாமான்னு நெனச்சதே இல்ல. ராத்திரி அண்ணனுக்குத் தெளிவ ஊத்துனனே, அப்பத்தான் பானை அடியப் பாத்தேன். நல்லது பூராவும் அங்கதான கெடக்குது, தண்ணிய எதுக்குப் பாட்டில்ல அடைச்சு மலையிலருந்து தூக்கியாறோம்னு தோணுச்சு. இதுல மொளகட்டுனது கெடையாதுங்க. இது எங்க ஊட்டுக்குன்னு வெச்சிருந்தது."

பாய் ஒரு வில்லையை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேள்வி அதேதான், வாயைத் திறந்து கேட்கவில்லை.

நான் ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே வரை காய்ந்திருந்தது. கொஞ்சம் மென்றேன். "காய்ஞ்சதில போதை நிக்காது பாய். ஈரமில்லாமல் புதுசாய்ப் பிறக்கவும் மாட்டுது. கரைச்ச அண்டைக்கே குடிச்சிட வேணும். அதுக்கு நான் சத்தியம் பண்ணுவன்."

பாய் உள்ளேயிருந்து சொம்பும் டம்ளர்களும் கொண்டுவரச் சொன்னார். சின்னப்பொண்ணு நான்கு வில்லைகளைக் கரைத்தார். பாய் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்தார். "புளிக்குது" என்றார். சின்னப்பொண்ணு முகம் சுருங்கியது. "புளிக்கட்டும். இனி நான் இனிப்புக் கேக்கவே மாட்டேன். அடுத்த ஞாயிறு ஒரு மூட்டை எறக்கு. ஓடுச்சுன்னா உங்க ஆறு ஊட்டு ராயியும் இங்கதான். ஓடலீன்னா நானே குடிச்சுத் தீத்துர்றேன்." அரிசி வாங்க வந்தவர் தனக்கும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பாக்கெட்டு மேல என்ன பேரு போடறது?" என்று பாய் கேட்டார்.

"மண்டி எண்டே போடுங்கோ" என்றேன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க. என்ற கடையே மண்டி. மண்டி விற்பனைக்குன்னு எழுதி மாட்டுனா, பாய் கடையவே விக்கறாருன்னு சாயந்தரத்துக்குள்ள ஊரு பூரா பேசிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நாமக்கல் பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. பையைத் தோளில் மாட்டினேன். சின்னப்பொண்ணு மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஏதோ செய்துகொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளலாம் என்று அருகில் போனேன்.

சொம்பின் அடியில் கையை விட்டு நன்றாகக் கலக்கினார். மண்டி மேலேறி வரும் வரை கலக்கினார். டம்ளர் நிறைய ஊற்றி, அது இறங்குவதற்குள் என்னிடம் நீட்டினார். குழைவாக, கெட்டியாக இருந்தது.

"காய்ச்சல் உட்ருச்சுங்களாண்ணா?" என்றார்.

"ஓம்" என்றேன். பஸ் ஹாரன் அடித்தது. அடிவரை குடித்துவிட்டுத்தான் ஓடினேன்.